அரைப்புள்ளிக்காகத் திரும்பி வரும் ஆய்வுக்கட்டுரைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் படித்தவர்களும் இப்போது அவர்களிடம் படிப்பவர்களும் தங்கள் ஆய்வுக்கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு முறை பார்த்துத் தரும்படி கேட்டு வருவது வழக்கமாகிவிட்டதால், என் சனிக்கிழமைக் காலைகள் பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அச்சுத்தாள்களோடும் சிவப்புப் பேனாவோடும்தான் கழிகின்றன. அந்த மேசையில் அண்மைக் காலமாக நான் காணும் ஒரு வீண்பாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகப் பல்கலைக்கழகங்களின் பார்வைக்கும், நம் நாட்டில் ஆய்விதழ் நடத்துபவர்களின் பார்வைக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஒரு மாணவி கொண்டுவந்த கட்டுரை, கடற்கரை மணற்குன்றுகளில் வளரும் ராவணன் மீசைப் புல்லின் வேர்களில் வாழும் பூஞ்சைகளைப் பற்றியது. மூன்றாண்டு உழைப்பு. அதனை அவர் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பி மூன்று முறை திரும்பப் பெற்றிருந்தார். மூன்று முறையும் அது மதிப்பாய்வாளர் எவருடைய கைக்கும் போகவில்லை; அலுவலகத்தின் முதல்நிலைச் சரிபார்ப்பைக்கூடத் தாண்டவில்லை. முதல் முறை, மேற்கோள் பட்டியலில் தொகுதி எண்ணுக்குப் பின் அடைப்புக்குள் இருக்கும் இதழ் எண்ணை நீக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை, ஆய்விதழ்ப் பெயர்களைச் சுருக்கி ஒவ்வொரு சுருக்கத்துக்கும் புள்ளி வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை வந்த கடிதத்தில், பக்க எண்களுக்கு நடுவே போட்டிருப்பது சிறு கோடு, அங்கே வர வேண்டியது நீளக் கோடு என்று இருந்தது. பட்டியலில் 62 குறிப்புகள். ஒவ்வொரு முறை திருத்தி அனுப்பிய பிறகும் பதில் வரச் சில வாரங்கள் ஆயின. இடையில் அவருடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. "மேடம், பூஞ்சையைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதலையே" என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

இந்தத் துறையில் இல்லாத வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். அறிவியல் கட்டுரையில் ஒரு செய்தியைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். கட்டுரையின் உள்ளே ஓர் எண்ணையோ ஆசிரியர் பெயரையும் ஆண்டையுமோ இடுவோம். கடைசியில் முழுப் பட்டியல் தருவோம். ஆய்வகங்களில் இதற்கு ரெஃபரன்ஸ் என்பதே புழங்கும் சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை 1963-இல் வெளிவந்தது. புரதங்களின் கட்டமைப்பைப் படிக்கும் எவரும் இன்றும் பயன்படுத்தும் 'ராமச்சந்திரன் வரைபடம்' அதிலிருந்து கிளைத்ததுதான். ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி, 7-ஆம் தொகுதி, 95 முதல் 99 வரை: மொத்தம் ஐந்தே பக்கங்கள்.

இந்த ஒரே கட்டுரையை மேற்கோள் பட்டியலில் எப்படியெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் வான்கூவர் பாணியில் பெயருக்குப் பின் முன்னெழுத்துகள் வரும், அவற்றுக்கு இடையே புள்ளி கூடாது; இதழின் பெயர் 'ஜே மால் பயோல்' என்று சுருங்கும்; ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, தொகுதிக்குப் பின் முக்காற்புள்ளி, பக்கம் 95-9 என்று கடைசி இலக்கத்தோடு நின்றுவிடும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பாணியில் முன்னெழுத்துகளுக்குப் புள்ளி கட்டாயம். ஆண்டு பெயர்களை அடுத்து அடைப்புக்குள் வந்துவிடும். இதழின் பெயர் சுருங்காது, சாய்வெழுத்தில் முழுதாக நிற்கும், தொகுதி எண்ணும் அதோடு சேர்ந்து சாயும், ஆனால் இதழ் எண் சாயாது. மின்பொறியாளர்களின் பாணியில் முன்னெழுத்துகள் பெயருக்கு முன்னால் போகும், தலைப்பு இரட்டை மேற்கோள் குறிக்குள் அடங்கும், ஆண்டு பக்க எண்ணையும் தாண்டிக் கடைசிக்குத் தள்ளப்படும். நேச்சர் இதழுக்கு அனுப்பினால் தொகுதி எண் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றில் எந்த வடிவத்தைக் கையில் கொடுத்தாலும் ஒரு முதுகலை மாணவரால் அந்த ஐந்து பக்கங்களைத் தேடி எடுத்துவிட முடியும். அப்படியிருக்க, ஒரு வடிவத்துக்குப் பதில் இன்னொரு வடிவத்தில் இருந்தது என்பதற்காக ஒரு கட்டுரையைப் படிக்காமலே திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வடிவங்கள் எவையும் பிறந்தபோதே வேதவாக்காக இருந்தவை அல்ல. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வரிக்குள் அடைப்பிலிடும் முறையை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தை ஒன்றைப் பற்றி 1881-இல் எழுதிய கட்டுரையில் கையாண்டதாகச் சொல்வார்கள். ஹார்வர்டு முறை என்ற பெயர் அதனால் வந்தது. வான்கூவர் பாணிக்குக் காரணம் இன்னும் சுவையானது. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, கைப்பிரதிகளின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அது 1979-இல் வெளியாயிற்று. எழுதுபவரின் சுமை குறைய வேண்டும், ஒரே வடிவத்தைப் பல இதழ்களும் ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். தட்டச்சுப் பொறியில் ஒரு பட்டியலை மறுபடி அடிப்பது என்றால் என்ன என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். கார்பன் தாளை மாற்றி வைக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிடும். அந்த நல்ல உடன்பாட்டையே ஒவ்வொரு இதழும் தன் விருப்பத்துக்கு ஒரு புள்ளியைக் கூட்டி ஒரு புள்ளியைக் குறைத்து எடுத்துக்கொண்டதால், பட்டியலைத் தாமே வடிவமைத்துத் தரும் மேற்கோள் மென்பொருள்களுக்கான பாணிக் கோப்புகளைத் திரட்டி வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் இன்று 10,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு மூலப் பாணியையே சுட்டுகின்றன என்றாலும், எந்த மூலம் என்று கண்டுபிடிப்பது எழுதுபவர் தலையில்தான் விழுகிறது.

இது மனக்குறை மட்டுமன்று, பணச்செலவும்கூட. பிளோஸ் ஒன் இதழில் 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 41 நாடுகளைச் சேர்ந்த 372 ஆய்வாளர்களிடம் கேட்டு, கட்டுரையை இதழின் வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு மட்டும் ஒரு கட்டுரைக்கு ஏறத்தாழ 14 மணி நேரம், ஆண்டுக்கு ஒருவருக்கு 52 மணி நேரம் செலவாகிறது என்றும், அதன் விலை கட்டுரைக்கு 477 அமெரிக்க டாலர் என்றும் கணக்கிட்டது. மேற்கோள் பட்டியல் அதில் ஒரு பகுதிதான். படங்களும் அட்டவணைகளும் மற்றவையும் சேர்ந்த கணக்கு அது. நம் ஊரில் ஆராய்ச்சி மாணவரின் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை என்பதால் இந்தச் செலவு கண்ணில் படுவதில்லை.

மென்பொருள் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் போயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளை எவரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். பாணியை மாற்ற ஒரு சொடுக்குப் போதும். என்னிடம் வரும் மாணவர்களில் பாதிப்பேராவது இன்னமும் கையால்தான் தட்டுகிறார்கள் என்பதையும், அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்காதது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் குற்றம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மென்பொருள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் அதன் வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. லேடெக்ஸ் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதுபவர்கள் மேற்கோள் பட்டியலுக்குப் பயன்படுத்தும் பிப்டெக்ஸின் பல பாணிகள், தலைப்பின் முதல் எழுத்தைத் தவிர மற்றவற்றையெல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தாக்கிவிடும். நெளி அடைப்புக்குறிக்குள் பாதுகாத்து வைக்காவிட்டால் இந்தியாவும் தமிழ்நாடும் சிற்றெழுத்தில் தொடங்கும், டிஎன்ஏ அடையாளம் தெரியாமல் போகும். எங்கள் துறையில் இன்னும் மோசம். தாவரத்தின் அறிவியல் பெயரில் முதற்சொல் பேரெழுத்தில் தொடங்க வேண்டும், பெயர் முழுதும் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும் என்பது இளங்கலை முதலாண்டிலேயே நாங்கள் அடித்துச் சொல்லும் விதி; இணையத்திலிருந்து இழுத்துவந்த தலைப்பிலோ நெற்பயிரின் ஒரைசா சட்டைவா என்ற பெயர் சாய்வும் இல்லாமல் பேரெழுத்தும் இல்லாமல் நிற்கும். இதழின் பெயர்ச் சுருக்கத்தையும் அப்படியே நம்ப முடியாது. கரன்ட் சயின்ஸ் 'கர் சை' ஆகும். ஆனால் நேச்சர் போன்ற ஒற்றைச் சொல் பெயரைச் சுருக்கக் கூடாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ்கள் பலவற்றுக்குப் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண் மட்டும்தான். அந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் 1 முதல் 12 வரை என்று பிடிஎஃப் கோப்பின் பக்கங்களை எண்ணிப் போட்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சொல்வதால் மேற்கோள் பட்டியலில் கண்டிப்பே வேண்டாம் என்பது என் கட்சி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கண்டிப்பு போதாது என்பதுதான் என் கட்சி. அது தவறான இடத்தில் செலவாகிறது.

ராவணன் மீசைக் கட்டுரையின் 62 குறிப்புகளையும் அன்று நானும் அந்த மாணவியும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் மூலத்தையும் திறந்து பார்த்தோம். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போயிற்று. 37-ஆம் குறிப்பில் ஆண்டு தவறு. 44-ஆம் குறிப்பில் இரண்டாம் ஆசிரியரின் பெயரே விடுபட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'உப்பு மிகுந்தால் பூஞ்சையின் பரவல் குறையும்' என்ற வரிக்கு ஆதாரமாகக் காட்டியிருந்த 19-ஆம் கட்டுரையில், பரவல் குறையவில்லை என்றுதான் எழுதியிருந்தது. அவர் அந்தக் கட்டுரையின் சுருக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. வேறொருவர் தம் கட்டுரையில் அப்படி மேற்கோள் காட்டியிருந்ததைப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று முறை சரிபார்த்துக் கோடு சரியில்லை என்று கண்டுபிடித்த அலுவலகத்தின் கண்ணில் இந்த மூன்றில் ஒன்றும் படவில்லை. படவும் படாது, ஏனென்றால் அவர்கள் பார்த்தது புள்ளிகளைத்தான்.

அந்த மாணவி செய்தது அரிதான தவறும் அன்று. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சிம்கின், ராய்சவுத்ரி ஆகிய இருவர் 2003-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரையை எடுத்துக்கொண்டு, அந்த மேற்கோள்களில் எத்தனை அச்சுப்பிழையோடு இருக்கின்றன என்று எண்ணினார்கள். 196 இருந்தன. ஆனால் அவற்றுள் வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே பக்க எண்ணை ஒரே மாதிரித் தவறாக எழுதியவர்கள் மட்டும் 78 பேர். தேர்வறையில் 78 விடைத்தாள்களில் ஒரே தவறான விடை ஒரே எழுத்துப்பிழையோடு வந்தால் கண்காணிப்பாளர் என்ன முடிவுக்கு வருவாரோ அதே முடிவுக்குத்தான் அவர்களும் வந்தார்கள்: மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படித்திருக்க வேண்டும்.

இதைவிட வேடிக்கையான கதை ஒன்று உண்டு. எல்செவியர் பதிப்பகம் தன் ஆசிரியர் வழிகாட்டியில், பட்டியலை எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக, வான் டெர் கீர் என்பவரும் வேறு இருவரும் 2000-ஆம் ஆண்டில் அறிவியல் கட்டுரை எழுதும் கலையைப் பற்றி எழுதியதாக ஒரு கற்பனைக் குறிப்பை மாதிரிக்குத் தந்திருந்தது. அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, அப்படி ஓர் இதழும் இல்லை. இல்லாத அந்தக் கட்டுரையை ஏறக்குறைய 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பதை ஆன்-வில் ஹார்ஸிங் என்ற பேராசிரியர் 2017-இல் எடுத்துக்காட்டினார். மாதிரிப் படிவத்தைத் திறந்து அதன் மேலேயே தட்டச்சு செய்தவர்கள் அந்த ஒரு வரியை அழிக்க மறந்திருக்கிறார்கள். அந்த வரியின் புள்ளிகளும் காற்புள்ளிகளும் மாசுமருவற்றவை என்பதை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும், வழிகாட்டியிலிருந்தே வந்ததல்லவா?

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. சாட்ஜிபிடியிடம் ஒரு தலைப்பைக் கொடுத்து மேற்கோள் பட்டியல் கேட்டால், கேட்ட பாணியில், நீளக் கோடு முதற்கொண்டு பிசகாமல் தந்துவிடும். அப்படித் தந்த மேற்கோள்களில், அதன் ஜிபிடி-3.5 பதிப்பு கொடுத்தவற்றில் 55 விழுக்காடும் ஜிபிடி-4 பதிப்பு கொடுத்தவற்றில் 18 விழுக்காடும் உலகில் இல்லாத கட்டுரைகளுக்கானவை என்று சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் 2023-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கருவிகள் அதன்பின் மாறியிருக்கலாம். ஆனால் பொய்யான குறிப்புக்கு ஒப்பனை ஒருபோதும் குறைவதில்லை என்பதால், ஒப்பனையை மட்டும் சோதிக்கும் அலுவலகம் இனிமேல் எதைப் பிடிக்கப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. நேர்மையாகப் படித்து, கையால் தட்டி, கோட்டைத் தவறவிட்டவர்தான் அங்கே மாட்டுவார்.

தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ முன்னெழுத்தாக நிற்கும். மேற்கோள் பாணிகள் அனைத்தும் கடைசிப் பெயர் என்ற ஒன்று எல்லோருக்கும் உண்டு என்று எடுத்துக்கொண்டு எழுந்தவை. பா. முத்துச்செல்வி என்று ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதழின் இணையப் படிவத்தில் முதற்பெயர் என்ற கட்டத்தில் முத்துச்செல்வி என்று எழுதுகிறார். கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அங்கே 'பி' என்று ஓர் எழுத்தைப் போட்டுவிடுகிறார். கட்டுரை வெளிவந்ததும் வான்கூவர் பாணியில் அவர் 'பி எம்' ஆகிவிடுகிறார். அடுத்த கட்டுரையில் தந்தை பெயரை விரித்து எழுதினால் 'பாண்டியன் எம்'. பெயர் வரிசையில் தேடினால் முதல் கட்டுரை ஒருவருடையது, இரண்டாவது அவருடைய அப்பாவுடையது போலத் தெரியும். முத்துச்செல்வி என்று ஒருவர் ஆராய்ச்சி செய்ததற்கே தடயம் இராது. வேலைக்கான நேர்காணலில் 'இது நீங்கள்தான் என்பதற்கு என்ன சான்று?' என்று கேட்கப்பட்டுக் கண்கலங்கி வந்தவரை எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் இந்தச் சிக்கலைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து யோசித்தவர் நம்மவர். சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1934-இல் வெளியிட்ட நூற்பட்டியல் விதித்தொகுப்பில் இந்தியப் பெயர்களை எப்படிப் பதிவது என்பதற்கு இடம் ஒதுக்கினார். அவருடைய எஸ் என்பது ஷியாலி, அதாவது அவர் ஊர். ஆர் என்பது ராமாமிர்தம், அவருடைய தந்தை. தம் பெயரை அவர் 'ரங்கநாதன் (எஸ் ஆர்)' என்று சொந்தப் பெயரை முன்வைத்து முன்னெழுத்துகளை அடைப்புக்குள் தள்ளி எழுதுவார். ராமனை 'ராமன் சி வி' என்றும் ராமச்சந்திரனை 'ராமச்சந்திரன் ஜி என்' என்றும் உலகம் சரியாக எழுதுவது, அவர்களும் தங்கள் சொந்தப் பெயரைக் கடைசியில் வைத்துக் கையெழுத்திட்டதால்தான். ஆகவே இணையப் படிவத்தில் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் முன்னெழுத்தை முதற்பெயர்க் கட்டத்திலும் இடுவது என்று முதல் கட்டுரையிலேயே முடிவு செய்து, வாழ்நாள் முழுதும் அதை மாற்றாமல் இருந்தால் தொல்லை பெரும்பாலும் தீரும். கடவுச்சீட்டில் வேறு மாதிரி இருக்கிறதே என்பார்கள்; அதற்காகத்தான் 2012 முதல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் எப்படி உருமாறினாலும் எண் மாறாது. முதுகலை வகுப்பில் அரைமணி நேரம் ஒதுக்கினால் சொல்லிக்கொடுத்துவிடலாம். நானே என் பணிக்காலத்தில் கடைசி நான்கு ஆண்டுகளில்தான் சொல்லத் தொடங்கினேன்.

பல்கலைக்கழகங்களின் பக்கம் இன்னொரு குழப்பம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள், ஆய்வேட்டின் சொற்கள் பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையின்போது மேற்கோள் பட்டியலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பதும் அதே விதிகளில்தான் உள்ளது. ஆனால் மென்பொருளில் பட்டியலை விலக்கும் தெரிவைச் சொடுக்காமலே சோதனை நடத்திவிடும் இடங்கள் இருக்கின்றன. அப்படி 23 விழுக்காடு என்று அறிக்கை வந்த ஒரு மாணவர், அதைக் குறைப்பதற்காகத் தம் பட்டியலில் இருந்த கட்டுரைத் தலைப்புகளின் சொற்களை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். 'விளைவு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்த இடமெல்லாம் 'தாக்கம்' என்று பொருள்படும் சொல். பிறர் எழுதிய தலைப்பை இவர் திருத்தியிருக்கிறார்! ஒப்புமை 9 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது என்று மகிழ்ச்சியோடு காட்டினார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பட்டியல் எதற்கு என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை, அதன் விழுக்காடு எவ்வளவு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆய்விதழ் நடத்துபவர்களின் சிரமத்தையும் நான் அறிவேன். கல்லூரி அளவில் வெளிவந்த ஒரு சிற்றிதழின் ஆசிரியர் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பிழைதிருத்துநர் கிடையாது, சம்பளம் கிடையாது. இரண்டு பேராசிரியர்கள் மாலை வகுப்பு முடிந்து உட்கார்ந்து புள்ளி வைப்போம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அனுப்பினால் எங்கள் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனாலும் வரும் கட்டுரைகளில் பெரும்பகுதியை நாங்கள் நிராகரிக்கத்தான் செய்தோம். நிராகரிக்கப் போகும் கட்டுரைக்கும் புள்ளி வைக்கச் சொல்லி மாணவரை வருத்துவதில் எங்களுக்கு என்ன ஆதாயம் இருந்தது? எல்செவியர் போன்ற பெரும் பதிப்பகத்தின் பல இதழ்களே, முதல் முறை அனுப்பும்போது மேற்கோள்கள் எந்தப் பாணியில் இருந்தாலும் சரி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பாணியாக இருந்தால் போதும், கட்டுரையை இணையத்தில் கண்டடைய உதவும் டிஓஐ எண் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டன. ஏற்றுக்கொண்ட பிறகு இதழின் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழக இதழ்களும் துறைச் சங்கங்களின் இதழ்களும் இதைப் பின்பற்றுவதற்கு ஒரு சுற்றறிக்கையும் நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. ஆசிரியர் வழிகாட்டியில் இரண்டு வரி மாற்றினால் போதும்.

மிச்சமாகும் நேரத்தைக் கொண்டு வேறொன்று செய்யலாம். கட்டுரை வந்ததும் பட்டியலிலிருந்து ஏதேனும் பத்துக் குறிப்புகளை எடுத்து, டிஓஐ எண்ணைத் தட்டி, அப்படி ஒரு கட்டுரை உண்மையில் இருக்கிறதா, மேற்கோள் காட்டிய செய்தி அதில் இருக்கிறதா, அது தவறு கண்டறியப்பட்டு இதழால் பின்னர் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்று பார்க்கலாம். கடைசி ஒன்றை ஸோட்டெரோவே 2019 முதல் சிவப்புப் பட்டையில் எச்சரித்துவிடுகிறது. பத்தில் இரண்டு பொய்த்தால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள், நானே கைதட்டுவேன். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்விலும், பொதுவாகக் கேட்கும் கேள்விகளோடு, ஆய்வேட்டின் பட்டியலிலிருந்து ஒரு குறிப்பைத் தேர்வாளர் சுட்டி, 'இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள்?' என்று கேட்கும் வழக்கம் வர வேண்டும். ஆய்வேட்டுக்கான விதிமுறைகளைப் பக்கம் பக்கமாகப் பிடிஎஃப் கோப்பாகத் தரும் பல்கலைக்கழகங்கள், அதே விதிகளை ஸோட்டெரோவில் ஏற்றக்கூடிய ஒரே ஒரு பாணிக் கோப்பாகத் தந்துவிட்டால், ஒவ்வொரு மாணவரும் ஆய்வேடு கட்டும் கடைசி வாரத்தில் தூக்கமில்லாமல் காற்புள்ளி எண்ணுவது நின்றுவிடும். அந்தக் கோப்பை எழுத, கணினி அறிந்த நூலகர் ஒருவருக்கு இரண்டு மூன்று நாள் வேலை.

ராவணன் மீசைக் கட்டுரை நான்காவது முறையாகப் போயிருக்கிறது. 19-ஆம் குறிப்பை ஒட்டிய பத்தியை அந்த மாணவி முழுவதுமாக மாற்றி எழுதியிருக்கிறார்; உப்பைப் பற்றி அவருடைய சொந்தத் தரவுகளும் அந்தப் பழைய கட்டுரையோடுதான் ஒத்துப்போகின்றன என்பது அப்போதுதான் தெரியவந்தது. கோடுகளையும் எண்ணிப் பார்த்துவிட்டோம். 62 குறிப்புகளில் பக்க எண் உள்ளவை 51. ஐம்பத்தொன்றிலும் நீளக் கோடுதான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை.